காரணம் எழுதும் கட்டம்

சனிக்கிழமை இணக்கசபைக்கு
நாலாம் வகுப்பு அறைதான் கிடைத்தது.
உறுப்பினர் மூவரும் முழங்கால் கொள்ளாமல்
சின்ன வாங்குகளில் பக்கவாட்டாக இருந்தார்கள்.
கரும்பலகையில் வெள்ளிக்கிழமையின் வாய்ப்பாடு
ஏழெட்டு ஐம்பத்தாறோடு நின்றிருந்தது.
குறிப்பெழுதுவது நான்.

முத்தையன்கட்டு, இடதுகரை. கச்சான் தோட்டம்.
கிணற்றடியில் இருந்த இறைப்பு மிசின் காணாமல் போய்
ஒன்பது நாள்.
முறைப்பாட்டுக்காரர் குலவீரசிங்கம்.
எதிராளி யதுர்சன், வயது பதினேழு.
பாதுகாவலர் இராசமலர்.
உறவு என்ற இடத்தில்
தாய் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
வட்டுவாகல் பாலத்தில் யாரோ அவள் கையில் திணித்த பிள்ளை என்று
இடதுகரைக்கும் தெரியும், வலதுகரைக்கும் தெரியும்.

"ஆம்பிளை இல்லாத வீட்டில வளந்தா இப்பிடித்தான்"
என்றார் குலவீரசிங்கம்.
அவருக்கு நான்கு பிள்ளைகள்; ஒன்றும் களவெடுக்கவில்லை.
அதைத் தன் கணக்கில் வரவு வைத்திருந்தார்.

சபையிலிருந்த சோதிலிங்கம் விதைக் கச்சான் விற்கிறவர்.
"இனம் பிழைச்சா என்ன பசளை போட்டென்ன" என்றார்.
போன மாரி அவரிடம் வாங்கிய விதை முளைக்காதபோது
உங்கட மண் சரியில்லை என்றதும்
இவர்தான்.

பிலோமினா ரீச்சர் முப்பத்தெட்டு வருசம் படிப்பித்தவர்.
எந்தப் பிள்ளையும் படிக்கும், சொல்லிக்குடுக்க ஆள் வேணும் என்பார்
பரிசளிப்பு விழாக்களில்.
பெறுபேறு வருகிற கிழமையில் மட்டும்
தலையில இருக்கவேணுமே என்பார்.
அன்று பேசாமல் கொப்பி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

பிறகு இராசமலர் எழுந்தாள்.
"நான் இப்பிடி வளக்கேல்லை ஐயா."

அவ்வளவுதான் சொன்னாள்.
சொல்லாமல் மிஞ்சியதைப்
பொடியன் தானாகக் கேட்டுக்கொண்டு
செருப்பு வாரைப் பெருவிரலால் நெம்பினான்.

மிசினைக் கொண்டுவரச் சொன்னார்கள்.
உரப்பையில் சுற்றிச் சைக்கிளில் கட்டி வந்தான்.
விற்கவில்லை. கழற்றியிருக்கிறான்.
கழற்றிப் பூட்டியிருக்கிறான்.
பள்ளிக் கிணற்றடியில் வைத்துக் கயிற்றை இழுத்ததும்
இரண்டு வருசமாக இருமிக்கொண்டிருந்தது
ஒரே இழுவையில் பிடித்தது.
தண்ணீர் பூவரசு வரைக்கும் பாய்ந்து
ரீச்சரின் சேலைக் கரையை நனைத்தது.

"எந்த மெக்கானிக் பெத்த பிள்ளையோ"
என்றார் குலவீரசிங்கம்.
"இதெல்லாம் ரத்தத்தில வாறது."

"ரத்தமோ?"
இராசமலர் அவருக்குக் கிட்டப் போனாள்.
"பத்து வயசில என்ர தையல் மிசினைக் கழட்டிப் பரப்பினவன்.
அடிக்காமல் விட்டது நான்."

சோதிலிங்கம் இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது,
தீப்பெட்டி அளவு.

என் கதையையும் சொல்லவேண்டும்.
நான் எழுதப் பழகமுதலே வீட்டைவிட்டுப் போனவர் அப்பா.
குடி, கடன், வவுனியாவில் இன்னொரு குடும்பம்.
போன வருசம் ட்ரங்குப் பெட்டியின் அடியில்
அவருடைய கடிதம் ஒன்று கிடைத்தது.
அதிலிருந்த ழகரம் என்னுடையது.
கீழிறங்கி இடப்பக்கம் கொளுவி நிற்கும்
அதே வால்.
அம்மாவுக்குக் காட்டவில்லை.
இரவிரவாக யோசித்து ஒன்றைப் பிடித்தேன்:
அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடம்.
இரண்டு பேருக்கும் அரிவரி
பிலோமினா ரீச்சராகத்தான் இருக்கவேண்டும்.
அப்பாடா என்று படுத்தேன். நல்ல நித்திரை.

அன்று ரீச்சர் எனக்கு ஒரு வாங்கு தள்ளித்தான் இருந்தார்,
சேலைக் கரையைப் பிழிந்துகொண்டு.
கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

காரணக் கட்டத்துக்குள்
இரு பகுதியாரும் இணங்கினர் என்று எழுதினேன்,
ழகரம் வராத வசனமாகப் பார்த்து.