அரைப்பேர்

மூன்று பத்துக்குக் கரண்ட் போனது.
நமுனுகுலைப் பக்கம் இடி.
பதுளை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
காந்தக் குகைக்குள் தவமலர்,
பாதித் தலை பதிவான நிலையில்.

கரண்ட் போனாலும் காந்தம் அணையாது.
படம்தான் அணையும்.
இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்: "முடிஞ்சிதா தம்பி?"
"பாதி முடிஞ்சிது அக்கா, அசையாதீங்க."
நான் வாயை மூடுமுன் தும்மினாள்.

ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்தபின்
மீதியை எடுத்தேன்.
கழுத்திலிருந்து காதுமேல் வரை இருபத்துமூன்று சீவல்.
அங்கிருந்து உச்சி வரை இருபத்தொன்று.
இரண்டு கோப்பு.
ஒரு பெண்.

இரவு. துஷாரி வீட்டுக்குப் போய்விட்டாள்,
மேசையில் எனக்கு அரை றாத்தல் பாண் வைத்துவிட்டு.
கறுப்புத் திரை, துடிக்கிற ஒரு கோடு.
பொத்தானில்லை, படமில்லை,
"நிச்சயமாகவா?" என்று கேட்கத் தெரியாத கருவி.
ஒரே வரி எழுத வேண்டும்:
சேர், இந்தப் பெயரில், இதை, இதை.

முதல்முறை வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.
ஒரு முணுமுணுப்பில்லை. சேர்த்துத் தந்தது:
உச்சி கீழே, கழுத்து மேலே,
மண்டையின் மேல் முளைத்த முதுகுத்தண்டு.
சிரித்துவிட்டேன்.
திரையின் மூலையில் அவள் பெயர் இருந்தது.
கோப்பை அழித்தேன்.

இரண்டாம் முறை மறுத்தது. கட்டங்கள் பொருந்தவில்லையாம்.
அவசரத்தில் நான் தட்டிய எண், அகலத்தில் ஒரு கட்டம் கூட.
திருத்தினேன்.
மூன்றாம் முறை இமைக்கும் நேரம்தான்.
நாற்பத்துநான்கு சீவலும் ஒரே தலை.

சுழற்றிப் பார்த்தேன்.
கண்குழி சரி, கன்னம் சரி,
காதுக்கு மேலே மட்டும்
ஒரு படி.
தும்மலின் உயரம்.

தெமோதரையில் ரயில் நிலையத்தைத் தாண்டும்,
பிறகு அதே நிலையத்துக்கு அடியில்
சுரங்கத்தால் போகும்.
மேலே கண்டவனும் கீழே கண்டவனும்
ஒரே ரயில் என்று சத்தியம் செய்யலாம்.
நடுவில் அது மலையைச் சுற்றியபோது
இரண்டு பேருமே அங்கில்லை.

கருவிக்கு இடைவெளி தெரியாது.
இருபத்துமூன்றுக்குப் பிறகு இருபத்துநான்கு,
அவ்வளவுதான் அதன் எண்சுவடி.
அந்த இடத்தில்தான், இடது பக்கம்,
வெள்ளையாக ஒரு பொட்டு
இருபத்துமூன்றில் தொடங்குகிறது.
இருபத்துநான்கில் இல்லை.

பூசி மெழுகலாம். அதற்கும் ஒரு வரி இருக்கிறது:
பக்கத்துப் புள்ளிகளை விசாரித்து
இல்லாத புள்ளிக்கு ஒரு சாம்பல் நிறம் ஊகிக்கும் வரி.
முழுதாகத் தட்டினேன்.
என்டரை அழுத்தவில்லை.

போகும்போது கேட்டிருந்தாள்,
"திரும்ப வரணுமா? காலையில கொழுந்து எடுத்துட்டுத்தான் வந்தேன்,
இன்னைக்கே அரைப்பேர்தான் போடுவாங்க."
இரண்டு அரைப்பேர் சேர்ந்தால் ஒரு பேர்.
கணக்கப்பிள்ளையின் கூட்டலில் பிழையில்லை.
போனது என்னவோ இரண்டு நாள்.

அறிக்கையில் எழுதினேன்:
இருபத்துமூன்றுக்கும் இருபத்துநான்குக்கும் இடையில்
சுமார் நாலு மில்லிமீட்டர் யாரும் பார்க்கவில்லை.
மறுபடி எடுக்க வேண்டும். தவறு எங்களுடையது.
டாக்டரின் கையெழுத்துக்கு இன்னொரு கடதாசியும் வைத்தேன்,
பசறைத் தோட்டத்து ஆபிசுக்கு,
இரண்டு நாளுக்கும் முழுப்பேர் போடும்படி.
போடுவார்களா, தெரியாது.

கோப்புக்கு 'முழுசு' என்று பெயர் வைத்திருந்தேன்.
ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் போய் அழித்து
'பாதியும் பாதியும்' என்று மாற்றினேன்.
மழை விட்டிருந்தது.
பாணைப் பிய்த்தேன். காய்ந்து போயிருந்தது, தின்றேன்.