கரண்டு போனபோது

ஆப்பிள் இருந்தது, ரயில் இருந்தது,
நாகர்கோவில் டீச்சர் அனுப்பும் வீடியோவில்
ஒட்டகம்கூட இருந்தது.
சக்கைக்குக் கை இல்லை.
மரச்சீனிக்கு இல்லை, அட்டைக்கு இல்லை.
ரேஞ்சு கிடைக்கிற ஒரே இடம் ஷீட் அடிக்கும் கொட்டகை,
அதற்கும் இல்லை.

சக்கையைப் பெனிஷாவே செய்தாள்:
இரண்டு கையாலும் வயிற்றை வீங்கவைத்து
விரல்நுனியால் கன்னத்தைக் குத்தி.
எப்சிபா படம்பிடித்து அனுப்ப
‘இனிமே இதுதான்’ என்று பதில் வந்தது.

மூக்குத்தியைத் தொட்டால் அம்மா.
பெந்தகோஸ்தே வீடு எங்களுடையது, மூக்குத்தி கிடையாது.
இல்லாத மூக்குத்தியைத் தொட்டுத் தொட்டு
நாளைக்கு நூறு தடவை அழைக்கிறாள்.
மீசையை முறுக்கினால் அப்பா.
அதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.
நெற்றியில் மூடிய கையை வைத்து
சட்டென்று விரிக்கிறாள்:
தலைலைட்.
விடியுமுன் பால்வெட்டப் போகிறவனுக்கு
வேறென்ன பெயர்.

என் வலது கட்டைவிரல் மடங்காது.
பதினெட்டு வருடக் கத்தி.
என் ‘தண்ணி’ அவளுக்கு ‘வேண்டாம்’ மாதிரி இருக்கிறதாம்.
விரலைப் பிடித்து அழுத்திப் பார்க்கிறாள்,
துருப்பிடித்த தாழ்ப்பாளைப் போல.
இந்தப் பாஷையில் நான் திக்குவாயன்.
பொன்மனைத் தோட்டத்தில்
மரத்துக்கு ஒரு சொல் என்று பழகுகிறேன்.
முன்னூறு மரம்.
முப்பது சொல் தேறியிருக்கும்,
மிச்சமெல்லாம் சிரட்டைக்கு வெளியே ஒழுகிப்போனது.

‘கையக் காட்டிப் பழக்காதேயும் ஓய்,
பின்ன பிள்ளைக்கு வாய் தொறக்காது’
என்றார் டீக்கடை தாசையன்.
இரண்டு வருடம் நாங்களும் அதைத்தான் நம்பினோம்.
அந்த இரண்டு வருடத்தில்
அவள் எங்களிடம் கேட்டிருக்கக்கூடியதெல்லாம்
எங்கே கிடக்கிறதோ.

இப்போது இது பார்க்காமல் பேச முடியாத வீடு.
அடுப்பைப் பார்த்தபடி அவளும்
போனைப் பார்த்தபடி நானும்
ஒன்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம்.
இன்று புட்டுமாவு ஒட்டிய கையோடு எப்சிபா திரும்புகிறாள்,
சாளை கருகுகிறது.
சண்டைகூட முகம் பார்த்துத்தான்.
கையால் போட்ட முதல் சண்டையில்
பெனிஷா நடுவே வந்து நின்றாள்.
இரண்டு பேரும் நிறுத்தினோம்.
சோறு எப்போ, என்று கேட்டாள்.

நேற்று ராத்திரி ஐப்பசி மழை.
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்:
நாளைக்கு, நான், அந்தப் பெரிய

கரண்டு போனது.

இருட்டில் என் சட்டையைப் பிடித்து இழுத்து
மீதியை நெஞ்சில் செய்தாள்.
படபடவென்று ஏதோ பட்டது,
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

லைட்டை எடுத்து என் தலையில் மாட்டினேன்.
அவள் கை தெரிந்தது.
என் முகம் இருந்த இடத்தில் அவளுக்கு
கூசுகிற ஒரு வட்டம் மட்டும்.
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்,
மற்ற பிள்ளைகள் காதைப் பொத்துவதுபோல.

கழற்றி அவள் தலையில் மாட்டினோம்,
வாரை மூன்று சுற்றுச் சுற்றி.
இத்தனை வருடம் தலையில் சுமந்தவனுக்கு
அப்போதுதான் புரிந்தது,
வெளிச்சம் கேட்கிறவர் தலையில் இருக்கவேண்டும்.

அம்மா பக்கம் திரும்பினாள், எப்சிபா பேசினாள்.
என் பக்கம் திரும்பினாள், நான்.
பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டால்
பாதியில் முடிந்தது எங்கள் பேச்சு.
நாலு வயசுக்கு அதிகாரம் கொஞ்சம் அதிகம்தான்.

மறுபடி என் மேல் வெளிச்சம் விழுந்தபோது
மடங்காத விரலை வைத்துக்கொண்டு கேட்டேன்:
அப்போ, என்ன சொல்ல வந்தே?

யோசித்தாள்.
லைட் உத்தரம் வரை போய்
பல்லியைப் பார்த்துவிட்டு இறங்கியது.
நெற்றிப் பக்கத்திலிருந்து எதையோ கிள்ளி
ஃபூ என்று ஊதிவிட்டாள்.
விரித்த கையின் நிழல்
ஓட்டுக்கூரை முழுக்கப் படர்ந்தது.

மறந்துபோச்சு.

அது எந்த வீடியோவிலும் வந்ததில்லை.
எப்சிபாவைப் பார்த்தேன்.
நான் இல்லை, என்றாள் கையால்,
இருட்டில் இருக்கிறோம் என்பதை மறந்து.