ஒரு அடி

நாற்பதடி உயரத்தில் ஏற்றுமேடை.
கேமராவை முக்காலியோடு கட்டியிருக்கிறேன்,
என்னைக் கம்பியோடு.
லாரமியில் காற்று யாரையும் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை.
ஆகஸ்ட். பயிற்சி ஒன்று, கோணம் இரண்டு.

கீழே பதினொன்றாம் எண், டென்னர் ஹாலிஸ்.
குவார்ட்டர்பேக். மாற்றலாகி வந்தவன்.
மூன்றாவது கல்லூரி, மூன்றாவது தலைக்கவசம்,
பென்சகோலாவில் கடலோரம் பழகிய தோள்.
புதுத் தாசில்தாரை ஊர் பார்ப்பது போலத்தான்
இங்கேயும் பார்க்கிறார்கள்:
எத்தனை நாள் இருப்பான்,
போன இடத்தில் என்ன தகராறு,
கூட யார் யாரைக் கொண்டுவருவான்.

எண்பத்து நான்கு, எலிசியோ பாகா.
பதினெட்டு வயது, பந்து பிடிப்பவன்.
சட்டையில் இன்னும் பெயர் தைக்கவில்லை.
லெட்வில் என்று ஒரு சுரங்க ஊர்,
இதைவிட மூவாயிரம் அடி மேலே.
அங்கிருந்து பார்த்தால் இது அவனுக்குப் பள்ளத்தாக்கு.

முதல் பந்து.
ஹாலிஸ் மூன்று எட்டு பின்வாங்கி வீசுகிறான்,
பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.
ஆனால் இந்த உயரத்தில் காற்றுக்குச் சதை கிடையாது,
பந்தைப் பிடித்து இழுக்க அதற்குத் தெம்பில்லை.
பாகாவின் விரல்களைத் தாண்டிப் போய்
கால் கட்டிய கோழி மாதிரி
புல்லில் கோணல்மாணலாகத் துள்ளுகிறது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
தவறு யாருடையது.
புதிய பையன் என்றால் அவன் எண்ணைப் போட்டுவிடு
என்பார் பயிற்சியாளர் ஸ்ட்ராடர்.
போட்டேன்.
எண்பத்து நான்கு. எண்பத்து நான்கு. எண்பத்து நான்கு.
அன்று மட்டும் ஏழு தடவை.

எட்டாவது பந்துக்குப் பிறகுதான்
பாகா திரும்பி நின்று ஒரு விரலைத் தூக்கினான்.
எனக்கென்று நினைத்து நான் ஃபோகஸ் சரிசெய்தேன்.
ஹாலிஸுக்கு.
ஒரு அடி.
நீ குறைக்காதே, நான் ஒரு அடி கூட ஓடுகிறேன்.

இரண்டு பேரும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.
மேலேயிருந்து பேச்சு கேட்காது என்பதும் உண்மை.
செப்டம்பரில் பன்னிரண்டு பந்துக்கு ஐந்து பிடித்தான்.
அடுத்த வாரம் ஒன்பதுக்கு ஏழு.
அதற்கடுத்த வாரம் மூன்றுக்கு ஒன்று,
நடுவில் தோள்பட்டையில் ஒரு அடி,
அதுவும் அடிதான்,
எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்
என்று யாரிடம் சொல்ல?

அக்டோபர் கடைசி. பனி.
லென்ஸைத் துடைக்கத் துடைக்க மூடுகிறது.
ஆட்டம் முடிய இருபது வினாடி.
மூன்று பேர் மேலே விழுவதற்கு முன்
ஹாலிஸ் எறிந்த பந்து
யாருமே இல்லாத இடத்துக்குப் போகிறது.
வ்யூஃபைண்டரில் வெறும் வெள்ளை.
பிறகு, வெள்ளைக்குள் இரண்டு கைகள்.

பாகா கோட்டுக்கு இரண்டு கெஜம் முன்னால் விழுந்தான்.
அடுத்து உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.
தோற்றோம்.
கட்டத்தில் யார் எண்ணையும் எழுதவில்லை.

தை பிறந்தது. வழியும் பிறந்தது.
மாற்றலுக்குப் பெயர் கொடுக்க இங்கே அதுதான் பருவம்.
ஹாலிஸுக்கு ஆடும் வருடங்கள் தீர்ந்துபோயின,
காரில் மூன்று பெட்டியோடு கடல் பக்கம் போய்விட்டான்.
பாகா என் அறைக்கதவைத் தட்டினான்.
காலணியில் பனி.
'மூன்று நிமிடம் போதும். நல்லதாக மட்டும்.'
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
எங்கேயானாலும் இதைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும்,
பந்து சீக்கிரம் இறங்கும்,
அவன்தான் ஒரு அடி முன்னால் போய் நிற்பான்.

இரவு முழுக்க வெட்டினேன்.
நாற்பத்தொரு பிடிகள்.
ஒவ்வொன்றிலும் எறிந்தவன் சட்டகத்துக்கு வெளியே.
கடைசியில், அவன் கேட்காத எட்டு வினாடி ஒட்டினேன்:
ஆகஸ்ட் வெயில், பந்து கைக்கு எட்டாமல் போகிறது,
பெயரில்லாச் சட்டையோடு ஒரு பையன்
திரும்பி விரலைத் தூக்குகிறான்.

வேண்டாமென்றால் அவனே வெட்டிக்கொள்ளட்டும்.