எண்ணிக்கை சரிபார்ப்பு

டீ டம்ளர் விட்டுப்போன ஈர வட்டத்தை
ஓசூர் என்று வைத்துக்கொண்டோம்.
அதிலிருந்து சுட்டுவிரலால்
கோடு இழுத்தாள் ஷாகிரா:
தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம்.
மேஜை முடிகிற இடத்தில் ஒகேனக்கல்.
"பாத்துடி, விழுந்துடப் போற" என்றேன்.
கடைப்பையன் துணியோடு வந்தான்,
ஒரே வீச்சில் போயிற்று
இரண்டு மாவட்டம்.

அதன்பிறகு எல்லாம் காகிதத்தில்தான்.
சம்பளச் சீட்டின் பின்பக்கம்.
மெல்லிய தாள், முன்பக்க எழுத்து நிழலாய்த் தெரியும்.
பி.எஃப். பிடித்த இடத்தில் பென்னாகரம்,
கேன்டீன் பிடித்த இடத்தில் தருமபுரி,
லாஸ் ஆஃப் பே மேலே
வத்தல்மலை.

வண்டி எனக்குத் தெரியாததா?
ஒரு ஷிப்டுக்கு முந்நூற்று அறுபது பின்சக்கரம்.
அச்சு, வாஷர், நட்டு.
முறுக்கும் கருவி 'டிக்' என்றால் அடுத்தது.
நான் இறுக்கியவை லடாக் வரைக்கும் போயிருக்கும்,
பனியில் நின்று போட்டோ எடுத்திருக்கும்.
நான் ஹாஸ்டல் பஸ்ஸில்
மூன்றாவது சீட், ஜன்னலும் இல்லை.
வளைவில் வண்டி சாயும்போது
அந்த நட்டுக்கு எப்படி இருக்கும் என்று
லைனில் யாரையும் கேட்க முடியாது.

சண்டை வந்தது வத்தல்மலையால்.
கொண்டை ஊசி இருபத்துமூன்று என்கிறாள் ஷாகிரா.
அவள் அண்ணன் மிளகு மூட்டை ஏற்றப் போய் எண்ணினானாம்.
இருபத்துநாலு என்கிறார்
பஞ்சர் கடை திம்மராயன்.
"மொதல் வளைவ எல்லாரும் விட்டுடுவாங்கம்மா.
அது வளைவு மாதிரியே இருக்காது."

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே
இன்னும் சொன்னார்:
அஞ்செட்டி தாண்டி இருட்டக் கூடாது.
ராகி பால் பிடிக்கிற நேரம், இறங்கி வரும்.
நின்றால் நில்.
ஹாரன் அடிக்காதே.
மெதுவாகப் பின்னால் போ.
பின்னால் எப்படிப் போவது?
முந்நூற்று அறுபதில் ஒன்றுக்கும்
பின்கியர் கிடையாது.
காலால் தள்ளிப் பார்த்தோம், சிப்காட் பின்புற மைதானத்தில்,
ஷாகிரா யானை,
நான் வண்டி.
பத்தடி போவதற்குள் சிரிப்பில் சாய்த்துவிட்டேன்.
இண்டிகேட்டர் ஒன்று போனது, எண்பது ரூபாய்,
செலவுக் கணக்கில் முதல் வரி.

வண்டி அவள் அண்ணனுடையது.
எங்கள் கம்பெனியும் இல்லை, எதிர்க் கம்பெனி.
பின்சக்கர நட்டில் ஸ்பேனரை வைத்தேன்,
கால் சுற்று தளர்ந்திருந்தது.
இறுக்கும்போது
யாரோ ஒருத்தியின் வேலையில் கை வைத்ததுபோல்
கொஞ்சம் கூச்சம்.

லீவுதான் கிடைக்கவில்லை.
எனக்குப் புதன், அவளுக்கு ஞாயிறு.
இடையில் மூன்று நாள் எந்த மலையாலும் நிரம்பாது.
கடைசியில் எந்திரங்கள்தான் இரக்கப்பட்டன.
ஆயுத பூஜைக்கு லைன் நிற்கும்.
கன்வேயருக்குப் பொட்டு வைத்து,
பொரி பொட்டலம் இரண்டு வாங்கி,
ஒன்றை டேங்க் கவரில் போட்டாள் ஷாகிரா,
"வழியில் பசிக்கும்."
மழைக்கோட்டு ஒன்றுதான் இருக்கிறது.
தருமபுரி வரை அவள், அப்புறம் நான்.
மழை இந்த ஒப்பந்தத்தைப் படித்திருக்குமா தெரியாது.

இரவு ஹாஸ்டல் ரிஜிஸ்டர்.
போகும் இடம்: வத்தல்மலை.
திரும்பும் நேரம்: மறுநாள் மாலை ஆறு.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
ஊருக்குப் போகிறவர்கள் ஊர் என்று எழுதியிருந்தார்கள்,
ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஆஸ்பத்திரி.
சும்மா போகிறோம் என்பதற்கு
கட்டத்தில் இடம் போதும்,
வார்டன் லூர்துமேரிக்குப் போதாது.

எண்ணிக்கை சரிபார்ப்பு, என்று எழுதினேன்.
கம்பெனி வேலை என்று நினைத்திருப்பார்.
"லீவு நாள்லயுமா?" என்று
உச்சுக்கொட்டிக் கையெழுத்துப் போட்டார்.

விடியற்காலை ஐந்தேகால்.
கேட்டைத் தாண்டி இடப்பக்கம் ஒடித்தேன்,
வண்டி லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.
"ஒண்ணு" என்றேன்.
"இதெல்லாம் கணக்குல வராது" என்றாள்
பின்னாலிருந்து, ஹெல்மெட்டுக்குள்.
"வரும்."
"வராது."
ராயக்கோட்டை ரோட்டில் தெருவிளக்குகள்
இன்னும் அணையவில்லை.
தேன்கனிக்கோட்டைக்கு மறுபக்கம் திரும்பியிருக்க வேண்டும்
என்று அப்போதுதான் பார்த்தோம்.