குளச்சல் பண்டகசாலையில் மூன்று படிக்கல்

லந்தக்காரன் கல் ஒன்று கிடந்தது.
எத்தனை கொட்டினாலும் அதற்கு
மிளகு கொஞ்சம் குறைந்தே நிற்கும்.

போன மழையில் அஞ்சுதெங்கு கும்பினிக்காரன்
தன் கல்லைக் கொண்டுவந்து வைத்தான்.
துலாத்துக்கு இரண்டு பணம் கூடுதல்,
துப்பாக்கி தனிக் கணக்கு.

இன்று கல்குளத்து ஓலை:
மிளகு முழுக்க அரசுக்கு.
வேறு கைக்கு விற்ற கை
தோளில் இருக்காது.

பீர்க்கண்ணு மரைக்காரின் தோணி
துறைக்கு வெளியே மூன்று நாளாய் ஆடுகிறது.
நங்கூரமிட்ட கப்பலிலிருந்து
லந்தன் சீட்டு கேட்கிறான்.
"கடலென்ன இவன் வாப்பா வச்ச தோப்பா?"
என்று கேட்டவர்
பீரங்கியின் வாயைப் பார்த்ததும்
வெற்றிலையைத் துப்பிவிட்டு உட்கார்ந்தார்.

ஓலையோடு கல்லும் வந்திருந்தது,
சங்கு முத்திரை, காயாத அரக்கு.
எடைக்காரன் நான்,
கைக்குத் தெரிந்துவிட்டது.
யாரிடமும் சொல்லவில்லை.

வேளிமலையிலிருந்து
சாக்கு சுமந்து வந்த மாத்தன்காணி
தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.
லந்தன் கல்லுக்குச் சரியாய் நின்ற மிளகு
இதற்கு மேலேயே தொங்கியது.

"இது ஆருக்க கல்லு?"

"நம்ம கல்லு" என்றேன்.

அப்படியா என்று
மடியை அவிழ்த்து
வீட்டுக்கென்று வைத்திருந்த
இரண்டு நாழியையும் கொட்டினான்.