கலம் பதினொன்று

உதகை நகராட்சியின் பழைய பதிவறையில்
ஆடி மழைக்குக் கோப்புகளும் வியர்க்கும்.
எனக்கு வந்த குறிப்பாணை மூன்றே வரி:
நூறாண்டுக்கு முன் நடந்த உலகப் பொருட்காட்சியில்
நம் மலை கலந்துகொண்டது வெற்றியா?
ஒரு பக்கத்துக்கு மிகாமல் அறிக்கை தருக.
கீழே பச்சை மையில் ஒரு கிறுக்கல்.

எந்த ஊரில் நடந்தது என்ற இடத்தை
வெள்ளிப்பூச்சி தின்றுவிட்டிருந்தது.
கடல் தாண்டி, ஆற்றங்கரை, ஏராளம் விளக்கு.
அவ்வளவுதான் மிச்சம்.

எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்று உண்டு.
மே மாதம் மலர்க்காட்சி முடிந்த மறுநாள்
விடிகாலை, பூங்கா வாசலில்
குப்பை லாரி எண்ணுபவள் நான்.
பதினேழு என்றால் நல்ல கூட்டம்.
இருபத்திரண்டு என்றால் அமைச்சர் வந்து போயிருக்கிறார்.
ரோஜாவைப் பற்றி என்னிடம் இதுவரை
யாரும் கேட்டதில்லை.

இந்தக் காட்சிக்கு லாரிக் கணக்கு இல்லை.
சுழல்கம்பி எண்ணிய தலைகள் உண்டு:
ஐம்பது லட்சத்துச் சொச்சம்.
ஒரே ஆள் ஏழு தடவை வந்திருந்தால்
ஏழு தலை.
போட்ட முதலில் மூன்றில் ஒரு பங்கு திரும்பவில்லை.
கோபுரத்தைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளினார்கள்.
பொன் ஓரமிட்ட அறிக்கை சொல்கிறது:
'எதிர்பார்ப்பை மிஞ்சிய வெற்றி.'
பக்கத்தில் யாரோ பென்சிலால்: 'யாருடைய?'

நம் அரங்குக்குப் போனவை
தேயிலை நாற்பது பெட்டி, தைல எண்ணெய்,
சிங்கோனாப் பட்டை,
பாடம் செய்த வரையாடு ஒன்று.
திரும்பி வந்த வரையாட்டுக்கு ஒரு கொம்பு இல்லை.
அந்தக் கொம்புக்காக ஒன்பது கடிதம்
போய் வந்திருக்கிறது, ஒன்பது!
ஏற்றும்போதே ஒற்றைக் கொம்பு என்கிறது கப்பல் கம்பெனி.
இரண்டையும் தடவிப் பார்த்து அனுப்பினேன் என்கிறார் தோட்டத்து துரை.
கடைசிக் கடிதத்தில் இருவரும் களைத்துப்போய்
மழை எப்படி என்று விசாரிக்கிறார்கள்.

தேயிலைக்கு வெண்கலப் பதக்கம்.
அது குன்னூர் வந்து சேர்வதற்குள்
தோட்டம் கைமாறியிருந்தது.

அப்புறம் கலம் பதினொன்று: ஆட்கள்.
ஒரே ஒரு பெயர்.
லிங்கி, கோத்தகிரி, வயது சுமார் இருபத்தாறு.
வேலை: அரங்கில் நின்று தேநீர் ஊற்றுதல்,
கேட்போர்க்கு இலை கிள்ளிக் காட்டுதல்.

தொட்டியில் போன நான்கு செடியும்
ஆறாம் வாரமே பட்டுப்போயின.
அதற்குப் பிறகு
வெறுங்காற்றில் கிள்ளிக் காட்டியிருக்கிறாள்.
பார்வையாளர் மிகவும் ரசித்தனர் என்று குறிப்பு.

நூற்றெண்பத்து மூன்று நாள், நாளுக்கு ஆறணா.
முன்பணம் நாற்பது ரூபாய் கழித்து,
குளிர் கோட்டுக்குப் பன்னிரண்டு கழித்து,
உடைந்த கோப்பை பதினான்குக்கு
ஐந்தே காலும் கழித்து
நிலுவை பதினோரு ரூபாய் ஆறணா.
எதிரே கைநாட்டுக்கு விட்ட கட்டம்
வெள்ளையாக இருக்கிறது.
பூச்சிகூடத் தொடவில்லை.

திரும்பினாளா?
கப்பல் பட்டியலைத் தேடி நான்கு நாள்
தும்மியதுதான் மிச்சம்.
கொம்புக்குப் போன கடிதங்களை
இன்னொரு முறை எண்ணினேன்.

கண்காணிப்பாளர் தேவசகாயம் நல்ல மனுஷர்.
வெற்றி, தோல்வி, ரெண்டுல ஒண்ணு
டிக் அடிச்சு அனுப்பும்மா என்றார்,
நாளைக்குள்ள போகணும்.

நான் எழுதினேன்:
கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை.
நிலுவை ரூபாய் பதினொன்று, அணா ஆறு.
பட்டுவாடா ஆனபின் கருத்துரைக்கப்படும்.
ஒரு பக்கத்துக்கு மிகவில்லை.

சன்னலுக்கு வெளியே மூடுபனி,
சேரிங் கிராஸ் பக்கம் ஹாரன் சத்தம் மட்டும்.
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து
காற்றில் ஒரு முறை கிள்ளிப் பார்த்தேன்.
மணிக்கட்டை லேசாகத் திருப்ப வேண்டியிருக்கிறது.
இன்னொரு முறை.

தேநீர் கொண்டுவந்த ஹாலன்
வாசலிலேயே நின்றுவிட்டான்.
என்ன மேடம், கொசுவா?