நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா

வெள்ளிக்கிழமையே கைகழுவி விட்டார்கள்
வெளிநாட்டு விமர்சகர்கள்.
ஆயிரம் கோடியில் ஒரு குளியல் தொட்டி
என்றான் ஒருவன்.
முதல் படத்தின் எலும்பைத் தோண்டியெடுத்து
பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறார்கள்
என்றது சென்னைப் பத்திரிகை.

எனக்கு ஞாயிறு ஆயிற்று.
வேலூரில் அதைத் தூக்கிவிட்டுப்
பேய்ப் படம் போட்டிருந்தார்கள்.
குடியாத்தம் பஸ்
பள்ளிகொண்டாவில் பஞ்சர்.
மாலைப் பத்திரிகையில் வாரம் ஒரு விமர்சனம்,
நூற்றிருபது சொல், இருநூறு ரூபாய்,
டிக்கெட் என் காசு.

மே மாதம். ஏசி போஸ்டரில் இருந்தது.
எனக்கு முன்னும் பின்னும்
தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள்,
இருட்டிலும் தெரிகிற மருந்து வாசனை.

இருபதாம் நிமிஷம் கப்பல் கவிழ்ந்தது.
நடன மண்டபத்துச் சரவிளக்கு
தரையில் முளைத்த செடியாயிற்று.
கண்ணாடி உடைந்து கடல் உள்ளே வந்தது,
வந்துகொண்டே இருந்தது,
மாடிப்படியில், லிப்டில், பியானோவுக்குள்.
யாரும் அலறவில்லை.
பின்வரிசையில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள்:
"எம்மாந் தண்ணி!"

பக்கத்து சீட்டுப் பச்சையம்மா
(பெயர் கேட்டது இடைவேளையில்)
என் முழங்கையைத் தொட்டாள்.
"ஏம்மா, இது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"
கடல்தானே, உப்பு, என்றேன்.
"த்சொ" என்றாள்.
அதுவரை செத்த எழுநூறு பேருக்கும்
அவள் அதைச் சொல்லவில்லை.

பழைய படம் நான் பார்த்தது
பத்தாவது படிக்கையில்,
காட்பாடி ரயில்வே காலனியில்,
காற்றில் உப்பிய வெள்ளைத் துணியில்.
கப்பல் பொம்மை. இழுக்கிற நூல்கூடத் தெரியும்.
ஆனால் ஒரு சமையல்காரன் இருந்தான்.
இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்
எரிகிற அடுப்பை அணைப்பான்,
கைகளை மேலங்கியில் துடைத்துக்கொள்வான்.
அவ்வளவுதான் அவன் பாத்திரம்.
பிறகு வரமாட்டான்.

புதியதில் சமையலறையே இல்லை.
நாயகனுக்கு ஒரு முன்கதை,
நாயகிக்கு ஒன்று, நாய்க்குட்டிக்கும் ஒன்று.
கேப்டனுக்கு யாரோ மதுரைத் தமிழ் கொடுத்திருந்தார்கள்.
ஒவ்வொரு துளியையும் கணக்குப் போட்டு
வரைந்திருக்கிறார்கள்.
ஒரு துளிகூட
ஒருத்தர் மூக்கிலும் ஏறவில்லை.

வெளியே அடுத்த காட்சிக்கு நின்றவன்
படம் எப்படி என்றான்.
"தண்ணி நல்லாக் கீது" என்று
பச்சையம்மா நடந்தபடியே சொன்னாள்.

இரவு எழுதினேன்.
அடுப்பை அணைக்க ஆளில்லாத கப்பல்
மூழ்கினால் என்ன, மிதந்தால் என்ன
என்று முடித்தேன்.
ஆசிரியர் வில்வநாதன் கூப்பிட்டார்.
"சமையல்காரன் எந்தப் படத்துல வரான்?"
"பழையதுல."
"அதுக்கா நாம விமர்சனம் போடறோம்?"

அவனை இரண்டாம் முறையும் மூழ்கடித்தோம்.
அச்சில் வந்தது:
தண்ணீர்க் காட்சிகள் பிரம்மாண்டம்.
கதையில் ஓட்டை. இரண்டரை நட்சத்திரம்.
புதன்கிழமை, நேதாஜி மார்க்கெட் சுவரில்,
எங்கள் பத்திரிகையின் பெயர் போட்டு
ஒற்றைச் சொல்: பிரம்மாண்டம்!
ஓட்டையை யாரோ ஒட்டிவிட்டார்கள்.

பச்சையம்மா கேட்டதை நான் எழுதவில்லை.
அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று
இன்னும் தெரியவில்லை.

வியாழன் விடிகாலை மூன்று மணிக்கு
சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்குழாய் இருமியது.
பன்னிரண்டு நாளுக்கப்புறம்.
குடங்கள் வீடு வீடாக உருண்டன.
மூன்றாவது ஆளாக நின்றேன்.
டீக்குப் பால் வைத்தது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"வரிசைய உட்டா அவ்ளோதான்"
என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அணைத்துவிட்டு வந்தபோது
ஒன்பதாவது ஆளாகியிருந்தேன்.
கைகளை நைட்டியில் துடைத்துக்கொண்டேன்.